திடலை மூடியவர்

எங்கள் ஆபீஸ் வராந்தாவின் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு இருந்தது. அதைப் போட்டவர் எங்கள் ஏரோடிராம் ஆபீசர். ஒரு திங்கட்கிழமை காலையில் பியூனிடம் கூடக் கொடுக்காமல், கயிற்றின் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தானே காலால் மிதித்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து மட்டையால் இழுத்தார். இழுத்து முடித்ததும் எழுந்து நின்று, கோணல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். கோட்டுக்கு மேற்கே இருந்த இரண்டு அறைகளும் தண்ணீர்ப் பானையும் எங்களுடையவை. கிழக்கே இருந்த அறையும் பெஞ்சும் விமானப்படையுடையவை. கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லெப்டினன்ட், "சண்டை போட்ட அண்ணன் தம்பி வீடு மாதிரி ஆயிப்போச்சுங்க" என்றார். எங்கள் ஆபீசர் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை வேண்டுமென்றே கிழக்குப் பக்கம் உதறிவிட்டு உள்ளே போனார்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் பாதி வழி போய்த் தெற்கே திரும்பினால், கரிசல் காட்டுக்கு நடுவில் அந்தத் திடல் கிடந்தது. உலகப் போரின்போது வெள்ளைக்காரன் அவசர அவசரமாகப் போட்ட தார்ப்பாதை. போர் முடிந்ததும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனான். ஐம்பதுகளில் சிவில் துறை அதைச் செப்பனிட்டுத் திறந்தது. மில் முதலாளிகளின் சிறு விமானங்கள், பயிற்சிக்குப் பறக்கிறவர்கள், மதுரையில் மழையென்றால் ஒதுங்க வருகிறவர்கள் என்று வாரத்துக்கு ஏதோ சில வந்து போகும். நான் அங்கே வயர்லெஸ் ஆபரேட்டர். விருதுநகர்க்காரன். உள்ளூரிலேயே சர்க்கார் வேலை என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. வேலை என்னவோ, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பருத்திக் காட்டுக்கு மேலே கானல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். சீனாக்காரனோடு சண்டை வந்த பிறகு விமானப்படைக்கு அந்தத் திடல் திடீரென்று ஞாபகம் வந்தது. லாரிகளில் கூடாரங்கள் வந்தன. கிழக்கே ஒரு வாசல் திறந்து துப்பாக்கியோடு காவல் போட்டார்கள். ஓடுபாதை ஒன்று, வாசல் இரண்டு, கொடிக்கம்பம் இரண்டு. திடல் யார் பொறுப்பில் இருக்கிறது என்று டெல்லியிலிருந்து வந்த உத்தரவை இரண்டு பக்கத்தாரும் படித்தார்கள். இரண்டு பக்கமும் தங்களுக்கே சாதகம் என்று சொன்னார்கள்.

அதற்கு முன்பே எங்கள் ஆபீசரை யாருக்கும் பிடிக்காது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வயிற்றுப் புண் உண்டு. மத்தியானம் மோரும் சாதமும் தவிர வேறு எதுவும் தொடமாட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருப்பார், சித்திரை மாதத்திலும். எத்தனையோ வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன், ஒரு நாளும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஆபரேட்டர்" என்பார். தவறு செய்தால் திட்டமாட்டார். திட்டியிருந்தாலே பரவாயில்லை என்று தோன்றும்படி ஒரு பார்வை பார்ப்பார். விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். அதில் உள்ளதைச் செய்வார், இல்லாததைச் செய்யமாட்டார். யாருக்காவது சாதகமாக ஒரு விதி இருந்தால் அவரே வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். கேட்டால்தான் சொல்வார்.

ஓடுபாதைக்கு மேற்கே ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. கிழக்கே இருந்த ஊரிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் விடியற்காலையில் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து அங்கே வேலைக்குப் போவார்கள். திடல் கைவிடப்பட்டுக் கிடந்த காலத்திலிருந்து அதுதான் அவர்கள் பாதை. வந்த புதிதிலேயே எங்கள் ஆபீசர் அந்தப் பாதையை முள் வைத்து அடைத்தார். ஊர்க்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். விமானம் இறங்குகிற இடத்தில் மனிதர் நடக்கக் கூடாது என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சரிக்காக அந்தப் பெண்கள் தினமும் இரண்டு வேளையும் திடலைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க் கரை வழியாக நடந்தார்கள். நடக்கும்போதெல்லாம் எங்கள் கட்டிடத்தைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்கள். ஓடுபாதையோரப் புல்லுக்கு வருகிற ஆடுகளை அவர் ஆள் வைத்துப் பிடித்து, பின்னால் ஒரு முள்பட்டியில் அடைத்தார். ஆட்டைத் தேடி வருகிறவர்கள் பொழுது சாயும் வரை வெயிலில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் திறந்துவிடுவார். அப்படி நின்றவர்களில் ஒரு ஆட்டுக்கார அம்மா எனக்கு நன்றாக நினைவில் இருக்கிறாள். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், அவள் கத்துவாள். "ஏலே, புள்ளகுட்டி இல்லாத பாவி, வாயில்லாச் சீவன அடைச்சு வச்சு என்னலே கண்டே? நீ வெளங்குவியா?" என்று ஜன்னலுக்கு நேராக நின்று கேட்பாள். உள்ளே அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் விமானப்படை லெப்டினன்ட் வந்து நின்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆறடி உயரம், உரத்த குரல். எத்தனை கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாது. அதனால் அவருடைய வசவுகூட விருந்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கும். "உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதுங்களா?" என்று அவர் வராந்தாவில் நின்று கத்துவதைக் கேட்டு எங்கள் பியூன் பல தடவை சிரிப்பை அடக்க முடியாமல் ஓடியிருக்கிறான். இருவருக்கும் பகை மூள ஒரு காரணம் என்று சொல்ல முடியாது. கிணறு எங்கள் பக்கம் இருந்தது. அவர்களுடைய லாரி தண்ணீர் எடுக்க வந்தால் எங்கள் ஆபீசர் அனுமதிச் சீட்டு கேட்பார். கிழக்கு வாசல் வழியாகப் போனால் எனக்குச் சைக்கிள் மிதிக்கிற தூரம் குறையும். லெப்டினன்ட் என்னையும் என் சைக்கிளையும் வாசலில் நிறுத்திச் சோதனை போடச் சொல்வார். சிவகாசி ரோட்டிலிருந்து ஒரு டீக்காரன் சைக்கிளில் டீ கொண்டுவருவான். அவன் முதலில் எந்தப் பக்கம் ஊற்றினாலும் மறுபக்கம் அன்றைக்குக் குடிக்காது. பாவம், கடைசியில் அவன் வருவதையே நிறுத்திவிட்டான். அதற்கும் யார் காரணம் என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. சுதந்திர தினத்துக்கு இரண்டு கம்பத்திலும் தனித்தனியாகக் கொடி ஏற்றி, தனித்தனியாக மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து மிட்டாயை வாங்கப் போன விமானப்படைச் சமையல்காரனை லெப்டினன்ட் நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்.

அந்த இரண்டு பேரும் அப்படிச் சண்டை போட்டதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. மனிதர்கள் ஒருவரை ஒருவர் வெறுக்கிற இடத்தில் மூன்றாவது ஆளாக இருப்பது களைப்பான வேலை. ஒரு பக்கம் சிரித்தால் மறுபக்கம் துரோகமாகிவிடும். நான் எந்தப் பக்கமும் சிரிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின சீசன் அது. பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் குவிந்து, ஞாயிற்றுக்கிழமை கூட வேலை நடந்தது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானப்படையின் பெரிய அதிகாரி ஒருவர் திடலைப் பார்வையிட பெங்களூரிலிருந்து டக்கோட்டா விமானத்தில் வருவதாக இருந்தது. கிழக்குப் பக்கம் முழுக்க வெள்ளையடித்து, கூடாரக் கயிறுகளைக் கூட விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். லெப்டினன்ட் மெடல்களோடு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். விமானம் மதுரையைத் தாண்டிவிட்டதாக எனக்குச் செய்தி வந்து, நான் அதைக் கத்திச் சொன்ன கொஞ்ச நேரத்தில், மேற்கே பூமி ஒரு தரம் உதறியது. ஜன்னல் கண்ணாடி நடுங்கிற்று. அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கம்பெனிக் கொட்டகைகளுக்கு மேலே வெள்ளைப் புகை கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. அதற்குள்ளே படபடவென்று பொறிகள் சிதறிக்கொண்டிருந்தன.

மருந்து கலக்கிற அறை வெடித்திருந்தது. அதற்கு அடுத்த கொட்டகையில் பெண்கள் திரி சொருகிக்கொண்டிருப்பார்கள். அதற்கும் அப்பால் குடோன். ஒரு சீசன் சரக்கும் அதற்குள் இருந்தது. குடோன் பிடித்தால் சுற்றியுள்ள கொட்டகைகளில் ஒருவர் மிஞ்சமாட்டார்கள் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிவகாசியிலிருந்து தீயணைப்பு வண்டி வர அரைமணிக்கு மேல் ஆகும். எங்கள் திடலில் ஒரு தீயணைப்பு வண்டி இருந்தது. விமானம் இறங்கும்போது அது தயாராக நிற்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கும் அது தண்ணீர் நிரப்பி, டிரைவர் மேலே உட்கார்ந்து, ஓடுபாதையோரம் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து கம்பெனி கூப்பிடு தூரம்.

ஊர்ப்பக்கமிருந்து ஆட்கள் ஓடுபாதையைத் தாண்டி ஓடிவந்தார்கள். முதலில் வந்தவள் அந்த ஆட்டுக்கார அம்மா. சேலை முள்ளில் கிழிந்து தொங்கியது. வராந்தாப் படியில் ஏறாமலே, கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கள் ஆபீசரை அவள் கும்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, எம்மவ உள்ள இருக்கா. திரிக் கொட்டகையில இருக்காய்யா. அந்த வண்டிய விடுங்கய்யா. ஒங்க காலுல விழுதேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். "ஓடுபாதையில யாரும் நிக்கக் கூடாது. விமானம் எறங்கப் போகுது. எறங்கட்டும், அப்புறம் அனுப்புறேன்."

"அதுக்குள்ள எரிஞ்சு போவாளே ஐயா!"

"விதி அது. வண்டி இல்லாம விமானம் எறங்கக் கூடாது."

அவள் படியில் தலையை வைத்துவிட்டாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பிற்பாடு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அந்தத் தாயின் அழுகை அவரை அசைக்கவில்லை. நான் மூன்றடி தூரத்தில் நின்றேன்.

அப்போது கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து லெப்டினன்ட் குரல் வந்தது. "சரியாச் சொன்னீங்க. பெரிய ஆபீசர் வர்றாருங்க. எங்க உத்தரவு இல்லாம இன்னிக்கு இங்க ஒரு சக்கரம் அசையக் கூடாதுங்க."

எங்கள் ஆபீசர் மெதுவாகத் திரும்பினார். "யார் உத்தரவு இல்லாம?"

"எங்க உத்தரவுங்க."

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனிதர் சந்தோஷப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. கண்ணில் ஒரு ஒளி வந்தது. கழுத்துப் பொத்தானை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆபரேட்டர்," என்றார், "திடல் மூடியாச்சு. விமானத்தை மதுரைக்குப் போகச் சொல்லு."

"என்னங்க சொல்றீங்க? அதோ கண்ணுக்குத் தெரியுதுங்க விமானம்!"

"தெரியட்டும். தீயணைப்பு வண்டி இல்லாத திடல்ல விமானம் எறங்கக் கூடாது. வண்டி இப்போ வெளியே போகுது. அதனால திடலை மூடுறேன். மூடுற அதிகாரம் என்கிட்ட இருக்கு. உத்தரவை எடுத்துப் படிச்சுப் பாருங்க." சொல்லிக்கொண்டே டிரைவரைப் பார்த்துக் கையை வீசினார். டிரைவர் அதற்காகவே காத்திருந்தவன் போல வண்டியைக் கிளப்பினான்.

நான் வயர்லெஸ் அறைக்கு ஓடினேன். எனக்குப் பின்னால் லெப்டினன்ட் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வந்தார். கருவியின் மேல் அவருடைய பெரிய கை விழுந்தது. "அனுப்பாதீங்க, தம்பி. அனுப்பினா உங்க வேலை போயிருமுங்க. அந்த விமானத்துல யார் இருக்காங்கன்னு தெரியுமுங்களா?" அவருக்கும் பயம் இருந்தது. வருகிறவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். விமானத்துக்குள் இருப்பவர்களும் உயிர்கள்தான் என்று அவர் சொன்னதாகவும் ஞாபகம். வாசலில் எங்கள் ஆபீசர் வந்து நின்றார். "கையை எடுங்க. இது என் அறை."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே அந்த அம்மாவின் ஓலம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் ஓடுகிறாள் என்று தெரிந்தது. லெப்டினன்டின் கையை நகர்த்த எனக்குப் பலம் கிடையாது. ஆனால் அவரும் அந்த ஓலத்தைக் கேட்டார் என்று நினைக்கிறேன். கை அழுத்தம் குறைந்தது. நான் விசையைப் போட்டுச் செய்தியைச் சொன்னேன். மேலேயிருந்து நம்பாமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்கள். இரண்டு தடவையும் சொன்னேன். டக்கோட்டா புகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, வடக்கே திரும்பிப் போயிற்று.

லெப்டினன்ட் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக அது போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். வராந்தாவுக்கு ஓடி, தன் ஆட்களைக் கூப்பிட்டு, கம்பளிகளை அள்ளிப் போட்டு, லாரியைக் கிளப்பச் சொன்னார். எங்கள் தீயணைப்பு வண்டி வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, விமானப்படை லாரி ஓடுபாதையைக் குறுக்கே கடந்து, எங்கள் ஆபீசர் போட்ட முள்வேலியை மிதித்துத் தள்ளிக்கொண்டு நேரே கம்பெனிக்குள் நுழைந்தது. "போட்டிக்குப் போறான்" என்றார் எங்கள் ஆபீசர். அவரும் சும்மா இருக்கவில்லை. சைக்கிளை எடுத்து, அந்த மிதிபட்ட வேலி வழியாகவே மிதித்துக்கொண்டு போனார்.

அங்கே நடந்ததை டிரைவர்தான் எனக்குச் சொன்னான். தீக்கு முன்னால் நின்றுகொண்டும் இரண்டு பேரும் சண்டை போட்டார்களாம். "கொட்டகை மேல அடிக்காதீங்க, அது போச்சுங்க. குடோன் சுவத்து மேல அடிங்க!" என்று லெப்டினன்ட் கத்த, "எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்" என்று இவர் கத்த, கத்திவிட்டுக் குழாயைக் குடோன் சுவர் பக்கமே திருப்பச் சொன்னாராம். தண்ணீர் தீர்ந்ததும் கிணற்றுக்கு வண்டி ஓடியது. திரிக் கொட்டகையின் பின்பக்கத் தட்டியைப் பிய்த்து, உள்ளே இருந்தவர்களை லெப்டினன்டின் ஆட்கள் கம்பளியில் சுற்றி வெளியே இழுத்தார்கள். ஆட்டுக்கார அம்மாவின் மகளும் அதில் ஒருத்தி. ஒரு கையும் கழுத்தும் வெந்திருந்தன. உயிர் இருந்தது. மருந்து அறையில் இருந்த இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். குடோன் பிடிக்கவில்லை. சிவகாசி வண்டி வந்து சேர்ந்தபோது சுவரிலிருந்து ஆவிதான் எழும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆட்டுக்கார அம்மா ஒரு சேவலைக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. எங்கள் ஆபீசர் வாசலுக்கு வந்து பார்த்தார். "இதை எடுத்துக்கிட்டுப் போ" என்றார். "வேலியைச் சரி பண்ணச் சொல்லியிருக்கேன். நாளையிலேர்ந்து யாரும் அந்த வழியா வரக் கூடாது. உன் ஆடும் வரக் கூடாது." அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு முகம் மாறியது. "ஒனக்கெல்லாம் ஆண்டவன் எப்பிடிலே இந்தப் புத்தியக் குடுத்தான்?" என்று கேட்டுவிட்டு, சேவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அந்த வாரமே அவளுடைய இரண்டு ஆடுகள் பட்டியில் அடைபட்டன.

விசாரணைக்கு டெல்லியிலிருந்து சிவில் துறையைச் சேர்ந்த ஒருவரும் பெங்களூரிலிருந்து விமானப்படையைச் சேர்ந்த ஒருவரும் வந்தார்கள். எங்கள் வராந்தாவிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பெரிய அதிகாரி மதுரையில் இறங்கி, ஜீப்பில் புழுதி குடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது விமானப்படைக்கு ஆறாத அவமானம். பட்டாசுக் கம்பெனி முதலாளி வந்து, அது சின்ன நெருப்பு, தன் ஆட்களே அணைத்துவிட்டார்கள், வண்டியை யாரும் கூப்பிடவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரை எரித்த நெருப்பு அவருக்குச் சின்ன நெருப்பு. பெரிய நெருப்பென்று ஒப்புக்கொண்டால் லைசென்சைப் பற்றிக் கேள்வி வரும். ஊர்க்காரர்கள் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். ஆட்டுக்கார அம்மா வந்தாள். அவள் சொன்னதை நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஆபீசர் நல்லவரா என்று டெல்லிக்காரர் கேட்டார்.

"நல்லவரா? அந்த ஆளா?" என்றாள் அவள். "எங்க ஊர்ல போய்க் கேளுங்க. அம்புட்டுப் பேரும் காறித் துப்புவாக."

பிறகு ஏன் சாட்சி சொல்ல வந்தாய் என்று கேட்டார்.

"வண்டி வந்துச்சுல்ல. எம்மவ உசிரோட இருக்கால்ல. வந்தத வரலன்னு சொல்ல முடியுமாக்கும்?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எங்கள் ஆபீசர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். லெப்டினன்டும் சாட்சி சொன்னார். இவர் செய்தது ஒழுங்கீனம், படைக்கு அவமரியாதை என்றார். விமானத்தில் மதுரை வரை போகப் பெட்ரோல் இருந்ததா என்று கேட்டதற்கு, கொஞ்சம் தயங்கிவிட்டு, தாராளமாக இருந்தது என்றார். அந்த ஒரு பதில் எங்கள் ஆபீசருக்கு எவ்வளவு உதவும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் ஆபீசர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த என்னிடம், "அவன் தயவு யாருக்கு வேணும்?" என்றார்.

டெல்லிக்காரர் வயதானவர், இரக்கமுள்ளவர். இவரைக் காப்பாற்ற நினைத்தார். தொழிலாளிகள் எரிகிறார்களே என்ற மனிதாபிமானத்தால்தானே திடலை மூடினீர்கள் என்று கேட்டார். இல்லை என்றார் இவர். அந்தத் தாயின் அழுகையைக் கேட்டு மனம் மாறியதல்லவா என்று வேறு விதமாகக் கேட்டார். அவள் அழுதபோது நான் மறுத்தேன், ஆபரேட்டரைக் கேளுங்கள் என்றார் இவர். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பின் ஏன்தான் மூடினீர்கள் என்று கேட்டார். "திடல் யார் பொறுப்பில் இருக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது" என்றார் எங்கள் ஆபீசர். ஆம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குப் பாராட்டுக் கடிதம் கூட வந்திருக்கும். தனக்கு இல்லாத கருணையை இருப்பதாகச் சொல்ல அவர் ஒப்பவில்லை. நேர்மையா, திமிரா என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கருணை உள்ளவர்கள் எத்தனையோ பேர் அன்று அந்தப் புகையைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். நானும் விட்டேன். வண்டியை அனுப்பியது பகை.

அவரை அஸ்ஸாமுக்கு மாற்றினார்கள். போகிற அன்று பெட்டியும் படுக்கையும் மாட்டுவண்டியில் ஏறிவிட்டன. ஊரிலிருந்து யாரும் வரவில்லை. சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வராந்தாவில் ஒரு நிமிஷம் நின்றார். கோட்டுக்கு அந்தப் பக்கம் லெப்டினன்ட் நின்றுகொண்டிருந்தார். "போயிட்டு வாங்க" என்றார் லெப்டினன்ட். "வரமாட்டேன்" என்றார் இவர். வண்டியில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

புதிதாக வந்தவர் சிரித்த முகக்காரர். முள்வேலியில் ஒரு வழி திறந்துவிட்டார். வராந்தாவைக் கழுவினார்கள். லெப்டினன்டுக்குச் சண்டை போட ஆளில்லாமல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. புதியவர் நீட்டிய சிகரெட்டை வாங்கிக்கொண்டு வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் அவரையும் பஞ்சாபுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு படையும் திடலைக் காலி செய்தது. சிவில் விமானங்களும் குறைந்து நின்றுபோயின. இப்போது அந்தத் தார்ப்பாதையைப் பிளந்துகொண்டு சீமைக்கருவேலம் நிற்கிறது. மிஞ்சின இடத்தில் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் சரக்கைக் காய வைக்கிறார்கள். ஊர்ப் பெண்களை ஏற்றிவர வேன் வந்துவிட்டது. அங்கே விமானம் இறங்கியது என்று சொன்னால் வேன் டிரைவர் பையன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான்.

எங்கள் ஆபீசரைக் கடைசியாகப் பார்த்தது பாகிஸ்தான் சண்டை முடிந்து சில வருஷங்கள் கழித்து. ஒரு பயிற்சிக்காக மீனம்பாக்கம் போயிருந்தேன். சாயங்காலம் பல்லாவரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது, பெஞ்சில் கழுத்து வரை பொத்தான் போட்ட ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்தது. ரிட்டயராகி, தங்கை வீட்டில் இருப்பதாகச் சொன்னார். என்னைப் பார்த்ததில் சந்தோஷமா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. பேச்சுக்கு ஒன்றும் அகப்படாமல், "சார், அந்தப் பொண்ணு நல்லாயிருச்சு. கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளை இருக்கு" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

"கம்பெனி வெடிச்சப்போ திரிக் கொட்டகையில இருந்த பொண்ணு, சார்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, "அவன் எங்கே இருக்கான் இப்போ?" என்றார். யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பஞ்சாப்ல, சார். சண்டையில. ஓடுபாதையில குண்டு விழுந்து. நம்ம திடல்ல அவர்கிட்ட இருந்த சார்ஜெண்ட் ஒருத்தர் லீவுல வந்தப்போ சொன்னார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"கூடவே இருந்தவர், சார்."

"பார்த்தாரா?"

"பார்த்தாராம், சார்."

பல்லாவரத்து மலையில் கல் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "ரெண்டு பொண்ணு அவனுக்கு" என்றார். "பெரியவ சாரதா. சின்னவ பேரு விஜயா. சின்னவளுக்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்துல மூச்சு வாங்கும். அவன் பெண்டாட்டி எழுதினதை வராந்தாவுல உக்காந்து சத்தமாப் படிப்பான், மடையன். எனக்கு எல்லாம் கேக்கும்."

தாம்பரத்திலிருந்து ரயில் வந்து நின்றது. எனக்கு எழும்பூர் போக வேண்டும், அவருக்கும் அந்தப் பக்கம்தான் என்று முன்பே சொல்லியிருந்தார். "சார், வண்டி" என்றேன். அவர் காதில் விழவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். "நீ போ" என்றார். நான் ஏறிக் கதவருகில் நின்று பார்த்தேன். ரயில் நகர்ந்தது. கூட்டம் கலைந்து காலியான பிளாட்பாரத்தில், கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.